கிரிட்டிக்கல் பாத்தா, கிரிட்டிக்கல் செயினா?
பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு மெஷின் இடமாற்ற அட்டவணை போட்டபோது, வயரிங் அண்ணன் 10 நாள் கேட்டார். வேலை 5 நாள்தான், மீதி பயத்துக்கு. 1957 வாக்கில் டூபாண்ட் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனத்தில் உருவான கிரிட்டிக்கல் பாத் முறை, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று தொடரும் வேலைகளில் மிக நீளமான வரிசையை வைத்துத் திட்டம் முடியும் நாளைக் கணக்கிடும்; அதில் அந்த 10 அப்படியே அட்டவணையில் ஏறும். ஏறியது. அவர் ஏழாம் நாள்தான் டிரில்லைக் கையில் எடுத்தார், அப்புறம் கேபிள் பற்றாமல் போய் 12 நாள் ஆனது.

1997-ல் வந்த கிரிட்டிக்கல் செயின் முறை இதைத்தான் பிடிக்கிறது: ஒவ்வொரு வேலையிலும் ஒளிந்திருக்கும் கூடுதல் நாள்களை உருவி, ஏறக்குறைய பாதியைத் திட்டத்தின் கடைசியில் எல்லாருக்கும் பொதுவான பஃபராக, அதாவது கையிருப்பு நாள்களாக, வைத்துவிட்டு, அது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று மட்டும் வாராவாரம் பார்க்கச் சொல்கிறது. ஒரே டெக்னீஷியன் ஒரே நேரத்தில் இரண்டு மெஷினுக்குத் தேவைப்பட்டால் அதுவும் சங்கிலியிலேயே கணக்காகும். பாத் முறையில் ஆள் கணக்கைத் தனியாகச் சரிக்கட்ட வேண்டும்.

சொந்த டீம் என்றால் நான் செயின் பக்கம்தான். ஆனால் வெளி கான்ட்ராக்டர், தேதி தவறினால் அபராதம் என்றால் சரி, பாத் முறையே போடுங்கள். 5 நாள் போதும் என்று அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள், தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற வழக்கிலும் அந்த அட்டவணையைத்தான் கேட்பார்கள்.