ஆன்சிபிளா, பப்பெட்டா: புயல் கரைச் சர்வர்களுக்கு எது ஏற்றது?

புதுச்சேரியில் தலைமை அலுவலகம், கடலூரில் ஒரு கிளை, இரண்டிலுமாக இருபது முப்பது லினக்ஸ் சர்வர்கள், பார்த்துக்கொள்ள இரண்டு பேர். இந்த அளவுள்ள நிறுவனத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஆன்சிபிளும் பப்பெட்டும் பல சர்வர்களின் அமைப்புகளை ஒரே சீராக வைத்திருக்க உதவும் மென்பொருள்கள்.

தொடங்க எளிது ஆன்சிபிள்தான். 2012-ல் வந்தது. சர்வரில் எஸ்எஸ்எச்சும் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) பைத்தான் மொழியும் இருந்தால் போதும். வேறெதையும் நிறுவ வேண்டாம். செய்ய வேண்டியதை யாமல் என்ற எளிய உரை வடிவக் கோப்பில் எழுதி ஓட்டுகிறோம். சரியாக எழுதிய கோப்பை மறுமுறை ஓட்டினால் மாற்றம் பூஜ்யம் என்று காட்டும். 2005-ல் வந்த பப்பெட்டுக்குத் தனி மொழி, மையச் சர்வர், ஒவ்வொரு இயந்திரத்திலும் ஓர் ஏஜென்ட் (மையத்தோடு பேசும் சிறு நிரல்), அதற்கொரு சான்றிதழ் என்று முன்வேலை அதிகம்.

அந்த முன்வேலைக்குப் பலன் உண்டு. அவசரத்தில் ஒருவர் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பைத் திறந்து, ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) நேரடியாக நுழைய அனுமதி கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பு பப்பெட்டின் பொறுப்பில் இருந்தால், அரை மணிக்கொரு முறை ஓடும் ஏஜென்ட் அந்த வரியைப் பழையபடி திருத்திவிடும். ஆன்சிபிளில் யாராவது அடுத்த முறை ஓட்டும்வரை கதவு திறந்தே கிடக்கும்.

நம் கரையில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30-ல் ‘ஃபெஞ்சல்’ புயல். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் மின்சாரமின்றி அணைந்து கிடக்கும் கிளைச் சர்வரை ஆன்சிபிள் ‘எட்டவில்லை’ என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடும். மின்சாரம் வந்தபின் அதைத் தேடிப் பிடிப்பது நம் வேலை. பப்பெட் ஏஜென்டோ தானே மையத்தை அழைத்து, விட்டுப்போன மாற்றங்களை வாங்கிக்கொள்ளும். மையம் கிடைக்காவிட்டாலும் கடைசியாகச் சேமித்த அமைப்புப் பட்டியலைக் கொண்டு இயந்திரத்தை ஒழுங்கில் வைத்திருக்கும்.

இதே வேலைக்குச் சால்ட், செஃப் என்ற மென்பொருள்களும் உண்டு. சால்ட் வேகமானது, ஆனால் அதன் மையத்தை இணையத்தில் திறந்து வைத்தவர்கள் 2020-ல் ஊடுருவலுக்கு ஆளாகிப் பட்ட பாடு போதும். செஃப்புக்கு ரூபி மொழி தெரிந்த ஆள் வேண்டும்.

அப்படியானால் பப்பெட்டா? இரண்டு பேருக்கு அது சுமை என்பதே என் முடிவு. 2022-ல் பெர்ஃபோர்ஸ் நிறுவனம் அதை வாங்கியபின் வந்த கட்டுப்பாடுகளால் ஆர்வலர்கள் அதன் நிரலைக் கொண்டு ஓப்பன்வாக்ஸ் என்ற மென்பொருளாகத் தனியே பிரிந்திருக்கிறார்கள். புதிதாக நுழைபவர் அதையும் எடைபோட வேண்டும். சர்வர்கள் நூற்றைத் தாண்டி, தணிக்கையும் கடுமையாக இருந்தால் தயங்காமல் பப்பெட் பக்கம் போகலாம்.

மற்றவர்களுக்கு ஆன்சிபிளே போதும். ஆனால் கிளைச் சர்வர்களுக்கு ஆன்சிபிள்-புல் முறையைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலை ஒன்று அரை மணிக்கொரு முறை, கோப்புகளின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்திலிருந்து அவற்றை இழுத்து, அந்த இயந்திரத்திலேயே ஓட்டும். இதற்கு வால்ட் (ஆன்சிபிள் ரகசியங்களைப் பூட்டி வைக்கும் கோப்பு) கடவுச்சொல்லைக் கிளையிலும் வைக்க நேரும். ஆகவே கிளைக்குத் தேவையான ரகசியங்களை மட்டும் தனி வால்ட்டில் பிரித்து, அதற்கென வேறு கடவுச்சொல் வையுங்கள்.