எழுகடல் தெருவில் கைவேலைச் சாமான்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கையில் சீட்டு எழுதிக்கொள்ளாமல் மதுரை எழுகடல் தெருவுக்குள் போனால் பர்ஸ் காலியாகும். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால், எந்த வேலைக்காகப் போனோமோ அதற்கு வேண்டிய சாமான் மட்டும் இருக்காது. திருநகரில் இருந்துகொண்டு ஆரத்தித் தட்டு, சீர் தட்டு அலங்காரம், பட்டு நூல் வளையல் என்று செய்து கொடுக்கிறேன். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "அக்கா, என்னென்ன வாங்கிப் போடணும்?"

பசை, நூல், ஊசி, கத்தரி. இந்த நாலில் கஞ்சத்தனம் வேண்டாம். மினுக்குகிற கல், மணி, சமிக்கி எல்லாம் ஆர்டர் வந்த பிறகு வாங்கினால் போதும்.

முதலில் இடம். பழைய ஞாபகத்தில் புதுமண்டபத்துக்குப் போய் நிற்காதீர்கள். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில், தூணுக்குத் தூண் தையல்காரர், வளையல் கடை, புத்தகக் கடை, பாத்திரக் கடை என்று இருந்ததெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டது. எனக்கு இதில் வருத்தமும் உண்டு, நிம்மதியும் உண்டு. மண்டபத்துக்குள் உச்சி வெயிலிலும் கல் சில்லென்றிருக்கும். ஆனால் அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாது. நூல்கண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போக வேண்டும். கடைக்காரர் நாம் ஓடிவிடுவோமோ என்று பார்த்துக்கொண்டே இருப்பார். சத்திரத்தில் அந்த இருட்டு இல்லை. இருந்தாலும் டியூப் லைட்டை நம்பி நிறம் எடுக்காதீர்கள். புடவைத் துண்டைக் கையோடு கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தத் தையல்காரர்களிடம் எனக்கு ஒரு தனி லாபம் உண்டு. சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேஷம் போடுகிறவர்களின் உடுப்பை அவர்கள்தான் தைப்பார்கள். சிவப்பும் பச்சையுமாக வெல்வெட், ஓரத்தில் ஜரிகைப் பட்டை. அந்தச் சமயத்தில் வெட்டிப் போட்ட துண்டுகளைக் கேட்டால், "அள்ளிக்கங்கக்கா" என்று ஏதோ ஒரு விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். தட்டுக்கு அடியில் ஒட்ட, சுருக்குப் பை தைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனால் திருவிழா நெருக்கத்தில் போய் அளவு சொல்லித் தைக்கக் கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

இனி எழுகடல் தெரு. ஆரி வேலைச் (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) சாமானும் ஃபேன்சி சாமானும் நெருக்கமாகக் கிடைக்கிற தெரு. நான் வழக்கமாகப் போவது, வாசலில் குஞ்சம் தொங்கவிட்டிருக்கிற ஒரு சின்னக் கடை. இரண்டு பேர் சேர்ந்து உள்ளே நிற்க முடியாது. கல்லாவில் இருக்கிற அண்ணன் பேச மாட்டார். கூட இருக்கிற பிள்ளைதான் எல்லாம். மணியைச் சின்னத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துத் தரும். கல் என்றால் கிராஸ் கணக்கு, அதாவது 144. "அரை கிராஸ் தாம்மா" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் எண்ணித் தருகிறது. இதற்காகவே நான் கடை மாறுவதில்லை. மொத்த வியாபாரக் கடைகளில் முழுப் பாக்கெட்டைப் பிரிக்கவே மாட்டார்கள்.

மணி வாங்கும்போது கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி மணி என்றால் சில்லென்றிருக்கும், பிளாஸ்டிக்குக்கு அந்தக் குளிர்ச்சி இருக்காது. தங்க நிற மணியை நகத்தால் சுரண்டுங்கள். பூச்சு அங்கேயே உதிர்ந்தால், மதுரை வெயிலில் வியர்வை பட்டு இரண்டே விசேஷத்தில் கறுத்துவிடும். கடைக்காரப் பிள்ளை முறைத்தால் முறைக்கட்டும்.

நூலுக்கு வருவோம். பட்டு நூல் என்று பேர்தானே ஒழிய, வளையலுக்கு நாம் சுற்றுவது பெரும்பாலும் செயற்கை இழை. அதில் தப்பில்லை, மினுமினுப்பு அதில்தான் வரும். சாயம் மட்டும் பார்க்க வேண்டும். நுனியை எச்சில் தொட்டு வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் காலை வாரும். இருபது, இருபத்தைந்து இழையைச் சேர்த்துப் பிடித்து, முறுக்கு விழாமல் படியப் படியச் சுற்ற வேண்டும். ஒரே நிறத்தில் ஒரு கண்டு கூடுதலாகவே வாங்குங்கள். பாதி வளையலில் நூல் தீர்ந்து மறுபடி போனால், அடுத்த லாட்டில் நிறம் ஒரு பிடி மாறியிருக்கும்.

நூல் சுற்றுவதற்கு வாங்குகிற வெறும் வளையத்தில் புதியவர்கள் தடுமாறுவது சைஸில். 2.4 என்றால் தசமக் கணக்கு இல்லை. இரண்டு அங்குலமும் பதினாறில் நாலு பாகமும், அதாவது இரண்டே கால் அங்குல உள்விட்டம், ஏறக்குறைய 57 மில்லிமீட்டர். 2.6 என்றால் 60 மில்லிமீட்டர். நூல் சுற்றினால் உள்ளளவு கொஞ்சம் குறையும் என்பதால், கனமாகச் சுற்றுகிற ஆளாக இருந்தால் 2.4 கைக்கு 2.6 வளையமே எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்பிராய்டரிக்கு வளையச் சட்டம் வாங்கினால் திருகைப் போட்டுத் திருகிப் பாருங்கள். வழுக்குகிறது என்றால் வேண்டாம். உள் வளையத்தில் பழைய வேட்டித் துணியை நாடாவாகக் கிழித்துச் சுற்றிவிட்டால் துணி நழுவாது. இதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பசையில் ஒன்றை வைத்து எல்லாம் ஒட்ட நினைக்காதீர்கள். காகிதம், அட்டை, தெர்மாகோலுக்கு வெள்ளை ஃபெவிகால் போதும். காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஆனால் ஈரம் பட்டால் விட்டுவிடும். துணியில் கல் பதிக்க பி-7000 என்கிற பசை. நுனி மெல்லிசான டியூபில் வருவதால் கைக்கு அடக்கமாக இருக்கும். தொட்டால் காய்ந்தது போலத் தெரியும், ஒரு நாள் முழுக்க விட்டால்தான் பிடிப்பு வரும். நாளை முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு இன்று ராத்திரி ஒட்டுகிற வேலைக்கு அது ஆகாது. அவசரத்துக்கு, பசைக் குச்சியைச் சூடாக்கி உருக்கி ஒட்டுகிற க்ளூ கன். வாங்குவதற்கு முன் குச்சியின் கனத்தைப் பாருங்கள், 7 மில்லிமீட்டர் ஒன்று, 11 மில்லிமீட்டர் ஒன்று; ஒன்றின் குச்சி மற்றதில் வேலை செய்யாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்தப் பசை இளகிப் பூவெல்லாம் சாய்ந்துவிடும். வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

கத்தரி இரண்டு வேண்டும். துணிக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று. துணிக் கத்தரியின் பிடியில் சிவப்பு நூல் கட்டிவைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதையும் மீறிப் பால் பாக்கெட்டை வெட்டுகிறார்.

ஆரம்பிக்கிறவர்களுக்கென்று ஆன்லைனில் கிட் பெட்டி விற்கிறார்களே, அதில் ஒன்றை என் தங்கச்சி மகளுக்கு வரவழைத்தோம். பெட்டி அழகுதான். உள்ளே பசை டியூப் பாதி உறைந்திருந்தது, ஊசிமுனையில் துரு, இருபது நிறத்தில் நூல் இருந்தும் எந்த நிறத்திலும் ஒரு முழு வளையல் சுற்றத் தேறாது. பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அதே காசுக்கு எழுகடல் தெருவில் நாலு நல்ல கண்டு, ஒரு ஜோடி வளையம், பசை, அரை கிராஸ் கல் வாங்கியிருக்கலாம், பஸ்ஸுக்கும் மிஞ்சும்.

குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலான கடைகளில் பில் தர மாட்டார்கள், மாற்றித் தருவதும் அவரவர் மனசு. ஒரு பெரிய கடையில், ஒரு பாக்கெட்டில் கல்லெல்லாம் மங்கலாக இருக்கிறது என்று மறுநாளே கொண்டுபோனதற்கு, "பார்த்துத்தானே வாங்குனீங்க" என்று சொல்லிவிட்டார்கள். அங்கிட்டு இப்போது போவதில்லை. வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பெரியார் நிலையம் வரை பஸ்ஸில் வந்து நடப்பதே மேல். கொலு நெருங்கும் புரட்டாசியிலும், ஆடித் தள்ளுபடிக் கூட்டம் துணிக்கடைகளில் மோதும்போதும் தெருவுக்குள் நகர முடியாது. வேலை நாளில் கடை திறந்ததும் போய்விடுங்கள். அப்போதுதான் அந்தப் பிள்ளைக்குக் கல்லை எண்ணித் தரப் பொறுமை இருக்கும்.