ஏஆர்பி ஹெட் ஸ்டட்: 4ஜி63 டேர்போவுக்கு வாங்கலாமா?

ஹெட் ஸ்டட் என்பது என்ஜின் ஹெட்டைப் பிளாக்கோடு பிடித்துவைக்கும், மேலே நட் பூட்டும் மரைத்தண்டு. ஏஆர்பி அதைச் செய்யும் நிறுவனம். பூஸ்ட் (டேர்போ தள்ளும் காற்றழுத்தம்) கூட்டிய, 4ஜி63 என்ஜின் உள்ள லான்சர் எவோவுக்கு இந்தப் 10 ஸ்டட்களும் கட்டாயம். காரோடு வரும் கம்பனி போல்ட் இறுக்கும்போது முறுகிக்கொண்டே நீளும். ஸ்டட் நேராக மட்டும் நீளுவதால் ஹெட்டைச் சீராக அழுத்தும். பிளாக் மரையும் குறைவாகவே தேயும்.

பிளாக்கில் உள்ள ஸ்டட் துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கினால், இறுக்கும்போது பிளாக்கில் வெடிப்பு விழலாம். காற்றடித்து நன்றாகக் காயவிடுங்கள். ஸ்டட்டைக் கையால் மட்டும் பூட்டுங்கள். நட் மரை, வொஷர் இரண்டுக்கும் ஏஆர்பி தரும் கிரீஸைப் பூசி, மூன்று கட்டமாக, நடுவிலிருந்து வெளியே இறுக்குங்கள். டோர்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவு கிட் தாளில் உள்ளதுதான். என்ஜின் எண்ணெய் பூசினால் அந்த அளவு பொருந்தாது.

எல்19 ரகம் வேண்டாம். வியர்வைக் கை பட்டாலே வெடிப்புப் பிடிக்கக்கூடிய உருக்கு அது. கிளிநொச்சி வெயிலில் எந்தக் கராஜில் கை காய்ந்திருக்கும்? ஏ9 வீதி ஓட்டத்துக்குச் சாதாரண 8740 குரோம்-மொலி உருக்கு ஸ்டட் தாராளம். ஹெட் வளைந்திருந்தால் முதலில் மட்டம் சீவுங்கள், ஸ்டட் அதைத் திருத்தாது.