பாட்டாவின் பிரசங்கக் கேசட்டுக்கு யூஎஸ்பி பிளேயர் போதுமா?

வாக்மேன் அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு யூஎஸ்பி வயர். பழைய கேசட்டை எம்பி3 ஆக்கித் தரும் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். பல கம்பெனிகள் பல பெயரில் விற்றாலும் உள்ளே இருக்கும் இயந்திரம் ஏறக்குறைய ஒன்றுதான். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கம்ப்யூட்டரோடு இணைத்துப் பதிவது, மற்றது பெட்டியிலேயே பென்டிரைவைச் செருகிப் பதிவது.

குமரி மாவட்டத்தில் இதை வாங்க நினைக்கும் வீடுகளில் பலவற்றில் காரணம் சினிமாப் பாட்டு அல்ல. வாத்தியார் வேலையோ சர்க்கார் ஆபீஸ் வேலையோ முடித்து, பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு சபை ஊழியத்துக்குப் போன பாட்டாவின், அதாவது தாத்தாவின், குரல் அந்த டேப்பில் இருக்கும். இளவயதிலேயே போதகரானவர் நாற்பது வருடம் பிரசங்கித்திருப்பார். அறுபதில் தொடங்கியவருக்குக் கிடைத்தது பத்துப் பதினைந்து வருடம்தான். அலமாரியில் இருப்பது இருபது கேசட் என்றால், சில சமயம் அவர் குரலாக உலகத்தில் மிச்சம் இருப்பதே அந்த இருபதுதான். அதனால்தான் இந்தப் பெட்டியைக் கறாராக எடைபோட வேண்டியிருக்கிறது. எந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பிரித்து வைக்க இது உதவும். காலத்துக்கும் வைத்திருக்கப் போகும் பிரதியை இதில் எடுக்கக் கூடாது.

முதல் குறை வேகம். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். இந்தப் பெட்டிகளில் மோட்டார் சிறியது, ஓட்டத்தைச் சீராக்கும் சக்கரம் இலேசானது, அதனால் ஓட்டம் நடுங்கும். பேச்சில் இது சட்டென்று பிடிபடாது. பாட்டா பிரசங்கத்துக்கு முன் ஒரு கீர்த்தனை பாடியிருப்பார் அல்லவா, அதில் ஒரு சுரத்தை நீட்டும் இடத்தைக் கேளுங்கள். குரல் அலை அலையாக ஆடினால் அது பாட்டாவின் வயது அல்ல, பெட்டியின் கோளாறு. சராசரி வேகமும் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஆறு சதவீதம் கூடினால் குரல் அரைச்சுரம் மேலே ஏறிவிடும். பேரப்பிள்ளைகள் கேட்டுவிட்டு, இது பாட்டா சத்தம் மாதிரி இல்லையே என்பார்கள்.

இரண்டாவது குறை பென்டிரைவ் வகையில் வருவது. பாட்டுகளைத் தனித்தனியாகப் பிரிப்பதற்காக, சத்தம் அடங்கும் இடங்களில் புதுக் கோப்பு தொடங்கும் வசதியை வைத்திருக்கிறார்கள். பிரசங்கத்தில் அது பெரிய தொல்லை. வசனத்தை வாசித்து முடித்து ஒரு நிமிஷம் நிறுத்துவதும், "தலைகளைத் தாழ்த்துவோம்" என்று சொல்லிவிட்டு மௌனமாக நிற்பதும் போதகருக்கு இயல்பு. அந்த மௌனத்தில் பெட்டி வெட்டும், அடுத்த வாக்கியத்தின் முதல் சொல் விழுங்கப்படும். வாங்கியதும் இந்த வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லாத மாடல் என்றால் வேண்டவே வேண்டாம். மேலும், இந்த வகை எம்பி3-யாக மட்டுமே பதிகிறது. சுருக்கிய கோப்பைப் பின்னால் சுத்தம் செய்யப் போனால் குரல் இன்னும் தேயும். கம்ப்யூட்டர் வயரில் ஓடும்போது லேப்டாப்பின் கீச்சென்ற மின்னொலியும் உள்ளே ஏறலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் குறையும்.

அதைவிடப் பெரிய ஆபத்து பூஞ்சை. இடவப்பாதியும் ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்து வருடத்தில் பாதி நாள் நம் ஊர்க் காற்றில் ஈரம்தான். குலசேகரம், திற்பரப்பு பக்கத்து வீடுகளில் கேட்கவே வேண்டாம். கேசட்டின் கண்ணாடி வழியே சுருளைப் பாருங்கள். கறுப்பும் காப்பியுமாகப் பளபளக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பொடியோ நூலாம்படையோ தெரிந்தால் அதை எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள். பூஞ்சை வித்துகள், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டிலும் நாடாவை இழுக்கும் உருளையிலும் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போகும். அத்தகைய கேசட்டுகளைத் தனியாக ஒரு காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சில வாரம் காயவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு வெளியில் வைத்து, பஞ்சில்லாத மெல்லிய துணியின் நடுவே நாடாவை மெதுவாக ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். தை, மாசி மாதங்கள் இந்த வேலைக்குத் தோது. வெயிலில் மட்டும் நேரடியாகக் காயவைக்காதீர்கள், கூடு வளைந்துவிடும்.

இங்கே இன்னொன்றையும் நினைக்க வேண்டும். கல்ஃபில் வேலை பார்த்த பிள்ளைகளுக்கு இந்தப் பிரசங்கங்களைக் கேசட்டில் பதிந்து அனுப்புவது வழக்கமாக இருந்தது. வீட்டில் இருக்கும் மூலக் கேசட் பூசணம் பிடித்திருந்தாலும், மாமாவோ சித்தப்பாவோ அங்கே வைத்திருந்த நகல் ஏசி அறையின் வறட்சியில் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். கெட்டதைத் துடைக்க உட்காருவதற்கு முன் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சரி, நல்ல பிரதிக்கு எது வேண்டும்? வேலை செய்யும் பழைய கேசட் டெக் அல்லது நல்ல நிலையில் உள்ள டூ-இன்-ஒன், லைன்-இன் துளை உள்ள ஒரு சிறிய யூஎஸ்பி சவுண்ட் கார்டு, கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி எனும் ஒலிப்பதிவு மென்பொருள். லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. அது மைக்கின் மெல்லிய மின்னோட்டத்துக்கு அமைந்தது, டெக்கிலிருந்து வரும் சத்தத்தில் குரல் கரகரவென்று உடைந்துவிடும். டெக் வாங்கும்போது பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பிஞ்ச் ரோலர் எனும் ரப்பர் உருளை பளபளவென்று இறுகிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். உருளை கெட்டிருந்தால் நாடாவைச் சுருட்டித் தின்னும். முதலில் வேண்டாத ஒரு கேசட்டை ஓட்டிப் பார்த்த பிறகே பாட்டாவின் கேசட்டைக் கொடுக்க வேண்டும். ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு மெல்லிய சோப்புத் தண்ணீர் போதும்.

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினாலும் அழியாது. நாடாவை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிச் சுருளைத் தளர்த்துங்கள். 90 நிமிடக் கேசட்டின் நாடா 60-ஐவிட மெல்லியது, 120 அதைவிட மெல்லியது. 120 கேசட்டில் வேகச் சுற்று வேண்டாம். சத்தம் மங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால் உள்ளே ஹெட்டுக்கு எதிரே இருக்கும் சிறிய கம்பளித் திண்டு விழுந்திருக்கும். பழைய பசை காய்ந்தால் வரும் வினை இது. திருகாணி போட்ட வேறொரு கேசட்டைத் திறந்து, சுருள்களை அந்தக் கூட்டுக்கு மாற்றினால் சரியாகும். அறுந்த நாடாவை செலோடேப்பால் ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கென்றே ஸ்பிளைசிங் டேப் இருக்கிறது.

மங்கலுக்கு இன்னொரு காரணம் ஹெட்டின் கோணம். பதிந்த இயந்திரமும் ஓட்டும் இயந்திரமும் வேறு என்பதால் கோணம் சற்று விலகியிருக்கும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியை ஓடும்போதே இம்மி இம்மியாகத் திருப்புங்கள். "இயேசு", "சகோதரர்" போன்ற சொற்களில் ச, ஸ ஒலி எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். இந்த யூஎஸ்பி பெட்டிகளில் அந்தத் திருகாணிக்கு வழி வைக்காத மாடல்களும் உண்டு.

பதிவது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு. பிரசங்கத்துக்கு மோனோ போதும், 90 நிமிடத்துக்கு 780 எம்பி அளவில் வரும். சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். அமைதியாகத் தொடங்கி உரத்து முடிப்பது பிரசங்கிகளின் வழக்கம், ஆகவே முதல் ஐந்து நிமிடத்தை வைத்து அளவைத் தீர்மானிக்கக் கூடாது. கடைசிப் பகுதியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஜெபவீட்டுக் கேசட்டுகளில் அடிக்கடி வரும் விசித்திரம் ஒன்று. தொடக்கத்தில் பாட்டா சரியாகப் பேசுகிறார், போகப் போகக் குரல் மெலிந்து, வேகமாகி, கடைசியில் சிறுபிள்ளைபோல் ஆகிறது. பதியும்போது ரெக்கார்டரின் பேட்டரி தீர்ந்துகொண்டு வந்திருக்கிறது. நாடா மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் ஏறுகிறது. இதற்கு அந்த டேப்பிலேயே அளவுகோல் இருக்கிறது. ஆம்பிளிஃபையரின் ரீங்காரம் பின்னணியில் பதிந்திருந்தால், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது 50-லோ 100-லோ நிற்க வேண்டும். ஆடாசிட்டியின் அலைவரிசைப் படத்தில் அது 52 என்று காட்டினால் வேகத்தை 3.85 சதவீதம் குறையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து துண்டு துண்டாகத் திருத்தினால் பாட்டாவின் சொந்தக் குரல் திரும்பும். இவ்வளவு பொறுமை தேவையா என்றால், தேவை.

இரைச்சல் நீக்கத்தில் கை அடங்கட்டும். 6 முதல் 8 டெசிபல் வரை போதும், 12-ஐத் தாண்டினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகும். ஷீட் கூரையில் மழை அடிக்கும் சத்தம், முன்வரிசையில் அக்காமார் சொல்லும் ஆமென், வேத வசனத்தைச் செந்தமிழில் வாசித்துவிட்டு விளக்கத்துக்கு வரும்போது பாட்டா சட்டென்று நம் ஊர்ப் பேச்சுக்கு மாறுவது, எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கூட்டம். சுத்தம் செய்த கோப்பைத் தனியாகச் சேமியுங்கள், மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

நேரமில்லாதவர்களுக்கு நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கல்யாண வீடியோ கேசட்டை மாற்றித் தரும் ஸ்டூடியோக்களில் ஆடியோ கேசட்டையும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எதில் ஓட்டுகிறீர்கள், வேவ் கோப்பு தருவீர்களா, இரண்டு பக்கத்தையும் முழுக்க எடுப்பீர்களா? சிடியில் எம்பி3-யாகத் தருகிறோம் என்று மட்டும் சொன்னால் வேறு கடை பாருங்கள். முதலில் ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

தேதி இல்லாத கேசட்டுகளுக்குப் பாட்டாவின் வேதாகமத்தையே திறக்கலாம். எந்தப் பகுதியில் எந்த நாள் பிரசங்கித்தோம் என்று ஓரத்தில் பென்சிலால் குறிப்பது பல போதகர்களின் பழக்கம். லூக்கா 15-க்குப் பக்கத்தில் மூன்று தேதிகள் இருந்தால், பிரசங்கக் குறிப்பு நோட்டையும் வைத்துப் பார்த்து எது என்று கண்டுபிடிக்கலாம். கோப்பின் பெயரில் முதலில் வருடம், மாதம், நாள், பிறகு வேதபகுதி, பிறகு இடம் என்று எழுதினால் எல்லாம் தானாகவே கால வரிசையில் நிற்கும். ஊழியத்தின் முதல் வருடங்களில் எழுதி வாசித்தவர், பின்னாளில் தாளைப் பார்க்காமல் பேசத் தொடங்கியது அந்த வரிசையில்தான் தெரியவரும்.

நினைவு ஆராதனையில் போட ஒரு பகுதி எடுப்பதென்றால் மூன்று நான்கு நிமிடம் போதும். குழாய் ஸ்பீக்கரில் ஒலிக்கப் போவதால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள், சொற்கள் தெளியும். நீண்ட விளக்கத்தைவிட அவர் கூறிய ஆசீர்வாதத்தை எடுப்பது பொருத்தம்.

கேசட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். நாடாவை ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றி, நிமிர்த்தி, ஸ்பீக்கர் பக்கம் இல்லாமல் டப்பாவில் வையுங்கள். கூடு மாற்றிய கேசட்டின் பழைய கூட்டையும் உள் அட்டையையும் சேர்த்தே வையுங்கள். பால்பாயின்ட் மை மங்கிக்கொண்டே போகும் என்பதால், துடைக்கத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிட வேண்டும். வேதபகுதியும் தேதியும் அவர் கையெழுத்தில் இருப்பது அங்கேதான்.