பணியாரக் கடையும் பஃபலோ கட்சியும்

காரைக்குடியில் வெள்ளைப் பணியாரம் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு வீட்டைச் சொல்வார்கள். கடையைச் சொல்லுங்கள் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். நான் யோசிக்க மாட்டேன். செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பழைய வீட்டின் முகப்பையே கடையாக்கி ஓர் ஆச்சி டிபன் கடை நடத்துகிறார். பெயர்ப்பலகை கிடையாது. காலை ஐந்தரைக்குத் திறந்து பத்து மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். இந்தக் கடைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை எந்தத் திங்கள்கிழமை காலை போனாலும், அமெரிக்கக் கால்பந்தில் (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) இந்த வருட எம்.வி.பி., அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர், விருது யாருக்கு என்று நாலைந்து பேர் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பார்கள். நான் போவது இரண்டுக்காகவும்தான்.

முதலில் பணியாரம். பச்சரிசியை உழக்கில் அளந்து அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து ஊறப்போடுவது பழைய கணக்கு. ஆச்சி இன்னும் அதே கணக்கில்தான் போடுகிறார். மாவு வெண்ணெய் மாதிரி அரைபட வேண்டும், கரண்டியிலிருந்து விழும்போது அறுபடக் கூடாது. எண்ணெய்ச் சட்டியில் ஒரு நேரத்துக்கு ஒரு பணியாரம்தான் ஊற்றுவார். நடுவில் உப்பி, ஓரம் மட்டும் மொறுமொறுவென்று, நிறம் மாறாமல் எடுக்க வேண்டும் என்பதால் இரண்டு மூன்றாக ஊற்றிப் பார்க்கிற பேச்சே இல்லை. நான்கு பணியாரம் 50 ரூபாய். வரமிளகாய்த் துவையல் ஒரு சொட்டு நாக்கில் பட்டாலே காது சூடாகும். இட்லிக்குக் கத்திரிக்காய் கோசமல்லி தருகிறார்கள், அதுவும் பிரமாதம். காப்பி சுமார்தான். சர்க்கரை கம்மி என்று சொன்னாலும் பாயசம் போலத்தான் வரும்.

ஒவ்வொன்றாகச் சுடுவதால் தட்டு வர இருபது நிமிடமாவது ஆகும். மற்ற நாட்களில் இது எரிச்சல். திங்கள்கிழமை இந்தத் தாமதம்தான் கடையின் பலம், ஏனென்றால் காத்திருக்கிற நேரத்தில்தான் சண்டை சூடு பிடிக்கிறது.

இவ்வளவு காலையில் அமெரிக்கக் கால்பந்தா என்று கேட்பவர்களுக்கு: அங்கே ஞாயிறு இரவு எட்டு இருபதுக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குத் திங்கள் காலை 5.50. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அப்புறம் 6.50. அதாவது சரியாகப் பணியார நேரம். ஆச்சியின் பேரன் செயலிக்குச் சந்தா கட்டி டிவியில் ஓடவிடுகிறான். ஆச்சிக்கு ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. "சாப்ட்டு முடிச்சவுக எந்திரிச்சா நிக்கிறவுக உக்காரலாம்ல" என்பதுதான் அவர் சொல்லும் ஒரே விமர்சனம்.

எந்த அமெரிக்க ஊரின் அணிக்கு யார் கட்சி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஃபலோ மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர். மகள் பிரசவத்துக்காகப் பஃபலோவுக்குப் போய், பனியில் வெளியே கால் வைக்க முடியாமல் சோபாவிலேயே உட்கார்ந்து ஆட்டம் கற்றுக்கொண்டவர். பால்டிமோர் அண்ணன் அந்த ஊரில் வேலை பார்த்துவிட்டுக் கோட்டையூருக்குத் திரும்பியவர். சிக்ரியில் (இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) ஆராய்ச்சி செய்கிற தம்பி ஒருவர் வீடியோ கேம் வழியாக வந்து சேர்ந்தவர், சின்சினாட்டி கட்சி. நான் சில காலம் பிட்ஸ்பர்க்கில் இருந்தவன். பிட்ஸ்பர்க்குக்கும் பால்டிமோருக்கும் பங்காளிப் பகை என்பதால் அண்ணன் எனக்குக் காப்பி வாங்கித் தர மாட்டார்.

இதுவரை நான் பார்த்ததில் உச்சம் 2024 சீசன்தான். பஃபலோவின் ஜாஷ் ஆலனா, பால்டிமோரின் லமார் ஜாக்சனா? இரண்டு பேருமே குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள். இந்த விருது குவார்ட்டர்பேக் அல்லாதவருக்குக் கடைசியாகக் கிடைத்தது 2012-இல், ஏட்ரியன் பீட்டர்சனுக்கு. 2024-இல் ஃபிலடெல்பியாவின் சேக்வான் பார்க்லி பந்தோடு 2,005 யார்டு ஓடியும் இந்த விருது பக்கத்தில்கூட வரவில்லை. அந்த அநியாயத்தைப் பற்றி எங்கள் கடையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் பேசியதில்லை, ஃபிலடெல்பியா கட்சிக்கு ஆளில்லாததால்.

செப்டம்பர் 30 காலை இந்த இரண்டு அணிகளும் மோதின. பால்டிமோர் 35-10 என்று பஃபலோவைத் துவைத்து எடுத்தது. அண்ணன் அன்றைக்கே விருதை லமார் கையில் கொடுத்துவிட்டார். மாமா வாயே திறக்கவில்லை. டிசம்பர் 2 காலை அவர் முறை வந்தது. வெளியே கார்த்திகைத் தூறல், டிவியில் பஃபலோவில் கொட்டுகிற பனி. எதிரணி சான் ஃபிரான்சிஸ்கோ. ஆலன் பந்தை அமாரி கூப்பருக்கு எறிந்தார். கூப்பர் தன்னைப் பிடித்துச் சாய்க்கப் போகும் நேரத்தில் பந்தை ஆலனிடமே திருப்பித் தள்ளிவிட்டார். ஆலன் ஓடிப்போய் டச்டவுன் போட்டார், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எறிந்தவர் கணக்கிலும் அவர், பிடித்தவர் கணக்கிலும் அவர். மாமா எழுந்த வேகத்தில் துவையல் கிண்ணம் கவிழ்ந்து ஆத்தங்குடிக் கல்லெல்லாம் சிவப்பு. ஆச்சி துடைப்பத்தை மாமா கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் லாஸ் ஏஞ்சலிஸில் ஆலன் மூன்று டச்டவுன் எறிந்து மூன்று ஓடி, அப்படியும் பஃபலோ 44-42 என்று தோற்றது. அந்த ஆட்டம் நமக்கு விடியற்காலை மூன்று மணி. வீட்டில் பார்த்துவிட்டுக் கண் சிவந்து வந்த மாமா, "தோத்ததைப் பாக்காதீக, ஒத்த ஆளா இழுத்ததைப் பாருங்க" என்றார்.

மாமாவின் வாதம் இதுதான். அந்த வருடம், ஆலன் எறிவதைப் பிடித்துவந்த டிக்ஸை ஹூஸ்டனுக்கு அனுப்பியாயிற்று, டேவிஸும் போயாயிற்று. பந்து பிடிக்கப் பெயர் சொல்லும்படி ஆள் இல்லாமலே ஆலன் 13 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். "ஒங்க ஆளுக்கு டெரிக் ஹென்றி இருந்தான்ல தம்பி? 1,900 யார்டுக்கு மேல ஓடியிருக்கான். அவனைக் கூட வச்சுக்கிட்டா நானே எறிவேன்."

"நீங்க எறிஞ்சா பந்து கொப்புடையம்மன் கோயில் தெப்பக்குளத்துலதான் விழும் மாமா" என்பார் அண்ணன். பிறகு எண்களை எடுப்பார். லமார் எறிந்தது 4,172 யார்டு, 41 டச்டவுன், எதிரணி பறித்தது வெறும் 4. அதற்கு மேல் 915 யார்டு ஓட்டம். ஒரே சீசனில் எறிந்து 4,000, ஓடி 900 என்று இதற்கு முன் யாரும் செய்ததில்லை. ஆலன் எறிந்தது 3,731 யார்டு, 28 டச்டவுன், பறிகொடுத்தது 6, ஓடிப் போட்ட டச்டவுன் 12. சிக்ரி தம்பி குறுக்கே புகுந்து ஜோ பர்ரோ 4,918 யார்டு எறிந்ததைச் சொல்வார். "ஒங்க டீம் பிளே ஆஃபுக்கே போகலையே" என்று இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து அவரை உட்கார வைக்கும். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

பங்காளி என்றாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், அந்த விருது லமாருக்குத்தான் போயிருக்க வேண்டும். எண்களில் அவர் மேலே, நேருக்கு நேர் மோதிய ஆட்டமும் அவருடையது. ஹென்றி கூட இருந்ததைக் குறையாகச் சொல்கிறவர்கள், லமார் ஓடிவிடுவாரோ என்று தடுப்பாளர்கள் ஒரு நொடி தயங்குவதால்தான் ஹென்றிக்கு வழி திறக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். லமாருக்கு எதிராக இருந்தது 2019, 2023 என்று இரண்டு விருதுகள் ஏற்கெனவே வீட்டில் இருந்ததுதான். ஆலனுக்கு ஒன்றுகூட இல்லை. ஓட்டுப் போடுகிறவர்கள் விளையாட்டு எழுத்தாளர்களும் ஒளிபரப்பாளர்களும்தானே, புதுக் கதை கேட்கத்தான் செய்வார்கள்.

ஓட்டு முறையைத் தெரிந்துகொண்டு வாதாடினால் நல்லது. கடையில் பாதிப் பேருக்கு அது தெரியாது. ஏ.பி. செய்தி நிறுவனம் அமைக்கும் குழுவில் 50 பேர். ஒவ்வொருவரும் ஐந்து பெயரை வரிசையாக எழுத வேண்டும், புள்ளிகள் 10, 5, 3, 2, 1. பிளே ஆஃப் தொடங்குவதற்குள் ஓட்டு முடிந்துவிடும். அதனால் ஜனவரி 20 காலை ஐந்து மணிக்கு, பேரன் கடையை முன்னதாகவே திறந்து காட்டினானே, பஃபலோ 27-25 என்று பால்டிமோரை வீட்டுக்கு அனுப்பிய ஆட்டம், அதற்கும் விருதுக்கும் சம்பந்தமே கிடையாது. கடைசியில் பால்டிமோரின் மார்க் ஆண்ட்ரூஸ் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டபோது "போச்சு, விருதும் போச்சு" என்று அண்ணன் தலையில் கை வைத்தார். விருதின் விதி அதற்கு முன்பே எழுதியாகிவிட்டது.

பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை காலை முடிவு வந்தது. முதலிட ஓட்டு ஆலனுக்கு 27, லமாருக்கு 23. புள்ளி 383-க்கு 362. சிக்ரி தம்பி பில் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஆலனை முதலிலும் லமாரை இரண்டாவதாகவும் எழுதியவர்களில் மூன்று பேர் மாற்றி எழுதியிருந்தால் லமார் ஜெயித்திருப்பார். எல்லா அணிகளிலிருந்தும் இடத்துக்கு இடம் சிறந்த ஆட்டக்காரர்களை எடுத்துச் சீசனின் கனவு அணியை அதே ஏ.பி. தேர்ந்தெடுத்தபோது குவார்ட்டர்பேக் இடம் லமாருக்குத்தான் போயிற்று என்பதை அண்ணன் எல்லோரிடமும் நினைவுபடுத்தினார். மாமா கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்குக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் காப்பி அவர் கணக்கு. அண்ணன் குடித்தார், சர்க்கரை கூட என்று மட்டும் சொன்னார்.

சரி, கடைக்கு வருகிறேன். குறைகள் இருக்கின்றன. டிவியைக் கைகழுவும் தொட்டிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்கள். முக்கியமான நேரத்தில் யாராவது ஒருவர் வாய் கொப்பளித்துக்கொண்டு நிற்பார். இணையம் அடிக்கடி சுற்றிக்கொண்டே நிற்கும், டச்டவுன் நடந்ததே பக்கத்து மேசைக்காரரின் போன் சொல்லித்தான் தெரியும். வண்டி நிறுத்த இடமில்லை. சத்தம் பிடிக்காதவர்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் முகப்பில் உட்காராமல் உள்ளே வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு, போய்விடுங்கள். அங்கே வெளிச்சமும் நன்றாக இருக்கும், பணியாரமும் சட்டியிலிருந்து நேராக அங்கேதான் முதலில் வரும்.

வெள்ளைப் பணியாரம் எட்டரைக்குள் தீர்ந்துவிடும். ஆட்டம் முடியட்டும் என்று காத்திருந்தால் இட்லிதான். செவ்வாய்க்கிழமை காலையிலும் ஓர் ஆட்டம் உண்டு, ஆனால் அன்று ஆச்சி பணியாரம் ஊற்றுவதில்லை, இடியாப்பம் மட்டும்தான். மாமாவும் செவ்வாய் வரமாட்டார். அண்ணன் வருவார், போனால் பிட்ஸ்பர்க் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.