ஃபுல் மாரத்தானுக்கு முன் 12 வாரம் யாகுல்ட் குடித்த அனுபவம்

போன வருஷம் சென்னையில் ஓடியபோது 32வது கிலோமீட்டரில் வயிறு முறுக்க ஆரம்பித்தது. மிச்சப் பத்து கிலோமீட்டருக்குள் மூன்று தடவை கழிப்பறை தேடினேன். அதன்பிறகு நான்கு நாள் கஞ்சியும் மோரும்தான். கால் வலி பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை.

முதலில் வாங்கியது ப்ரோபயாடிக் மாத்திரை, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா உள்ள மாத்திரை. சித்திரை வெயிலில் வந்த பார்சல் தொட்டாலே சுட்டது. உள்ளே எந்த வகை பாக்டீரியா என்று லேபிளில் முழுப் பெயர்கூட இல்லை. திருப்பி அனுப்பிவிட்டு, அக்டோபரில் யாகுல்ட் என்ற புளித்த பால் பானத்துக்கு வந்தேன். 65 மில்லி குப்பியில் 650 கோடிக்கு மேல் ஷிரோட்டா வகை பாக்டீரியா. அந்த வகைப் பெயர்தான் எனக்கு முக்கியம். ஒரு வகை தந்த பலனை இன்னொரு வகையும் தரும் என்று சொல்ல முடியாது.

இதே ஷிரோட்டாவை இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் 84 விளையாட்டு வீரர்களுக்குக் குளிர்காலத்தில் 16 வாரம், தினம் இரண்டு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவில் ஷிரோட்டா குடித்தவர்களுக்குச் சளித் தொல்லை சராசரியாக 1.2 தடவை, பாக்டீரியா இல்லாத போலி பானம் குடித்தவர்களுக்கு 2.1. ஆனால் 2016இல் வெளியான, 243 பேரை வைத்துச் செய்த ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால் சளி பிடிக்காது என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம். எனக்கும் நவம்பர் மழையில் பிடித்தது, ஐந்து நாள் பயிற்சி போனது.

வயிற்றுக்கு நான் நம்பிக் குடித்தேன். மணிக்கணக்கில் ஓடும்போது ரத்தம் குடலை விட்டுக் கால் தசைக்கும் தோலுக்கும் திரும்பிவிடுகிறது, குடல் சுவர் பலவீனமாகிறது. ஹெல்சிங்கி மாரத்தான் ஓடிய 141 பேரிடம் எல்ஜிஜி என்ற வேறொரு வகையை மூன்று மாதம் சோதித்தார்கள் (2007). ஓட்டத்துக்குப் பிந்தைய இரண்டு வாரத்தில் வயிற்றுத் தொல்லை வந்தால் போலி பானம் குடித்தவர்களுக்கு 2.3 நாள் நீடித்தது, எல்ஜிஜி எடுத்தவர்களுக்கு ஒரு நாள்தான். ஷிரோட்டாவும் அப்படியே செய்யும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, ஆனாலும் முயன்று பார்த்தேன்.

தினம் காலை ஒரு குப்பி, ஓட்டம் முடிந்த பிறகு. முதல் வாரம் வயிறு உப்பியது, அப்புறம் சரியாகிவிட்டது. ஜனவரி மாரத்தானில் வழியில் எங்கேயும் கழிப்பறைக்காக நிற்கவில்லை. மறுநாள் காலை நான்கு இட்லி தாராளமாக இறங்கியது. ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் ஜெல்லையும் இந்த முறை மாற்றியிருந்தேன் என்பதால் முழுப் பெருமையையும் யாகுல்ட்டுக்குக் கொடுக்க மாட்டேன். ஓடி முடித்த நேரம் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை.

குறை என்றால் இனிப்பு. சர்க்கரை உள்ளவர்கள் லேபிளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடையில் ஃப்ரிட்ஜுக்கு வெளியே அடுக்கி வைத்திருந்தால் எடுக்காதீர்கள். அம்மா, "பழைய சோத்துத் தண்ணியிலயே இதெல்லாம் இருக்கேடி" என்கிறார். இருக்கிறதுதான். அதையும் ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உப்புப் போட்டுக் குடிக்கிறேன். ஆனால் போட்டிக்கு முந்தைய மாதத்தில், தினமும் ஒரே அளவு, ஒரே வகை உள்ளே போக வேண்டும் என்பதற்காக யாகுல்ட்டைத் தொடர்வேன். அடுத்த பயிற்சிக்கும் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுவேன்.