கார்பன் டை ஆக்சைடு மீட்டர்: மூணு மாசம் வச்சு பாத்துட்டு எழுதுறேன்

கம்பெனி பேர் வேண்டாம், கொற சொல்லப் போறேன்ல. 9,000 ரூபாய்க்கு ஆன்லைன்ல வாங்குனது, என்டிஐஆர் சென்சார், அதாவது அகச்சிவப்பு ஒளிய வச்சு அளக்குறது. 1,500க்கு கிடைக்குறது நெறைய கார்பன் டை ஆக்சைடயே அளக்காது, வேற ஏதோ வாசனைய மோந்து பாத்து ஒரு நம்பர அடிச்சு விடும். சந்தேகமா இருந்தா பக்கத்துல சானிடைசர் அடிச்சு பாருங்க, நம்பர் எகிறுச்சுனா ரிட்டர்ன் போட்டுருங்க.

ஏசி ரூம் கதவ சாத்திட்டு ரெண்டு பேர் தூங்கி எந்திரிச்சா காலைல 2,100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல இத்தன பங்கு). ஜன்னல நாலு விரக்கடை தெறந்து வச்சா 900. இதுக்காகவே குடுத்த காசு செல்லும். ரூம்ல இருக்குற மணி பிளான்ட்டால எதுவும் கொறையல, அத நம்பி வாங்காதீங்க.

எங்க அம்மாயி ராத்திரி புளியமரத்தடில படுக்க விடாது, பேய் இருக்கும்னு. ஊருக்கு போனப்ப மீட்டர அங்கயே வச்சு பாத்தேன், விடியக்கால அஞ்சு மணிக்கு 470, மதியம் ரெண்டு மணிக்கு 415. ராத்திரி வெயில் இல்லாததால எல கார்பன் டை ஆக்சைட இழுக்காது, மரமும் மண்ணும் மூச்சு மட்டும் விடும், காத்தும் அசையாம நிக்கும், வெயில் வந்ததும் எல இழுக்க ஆரம்பிக்கும் காத்தும் கலைஞ்சு மேல போயிரும், அவ்ளோதான் விஷயம். பேயெல்லாம் எங்க பெட்ரூம்லதான் இருக்கு போல.

இதே மூச்சுதான் பெரிய அளவுல வருசத்துக்கு ஒரு தடவ நடக்குது. ஹவாய்ல மௌனா லோவா மலைல 1958ல இருந்து அளக்குறாங்க, பூமியோட வடக்குப் பாதில உள்ள காடெல்லாம் துளிர்க்குறதுக்கு முன்னாடி மே மாசம் உச்சம், செப்டம்பர் வாக்குல கொறச்சல், நடுவுல 6, 7 பிபிஎம் வித்தியாசம். அத இந்த மீட்டர்ல தேடாதீங்க, இதோட பிழையே 50 கூட கொறய.

இப்ப கொற. வாரத்துல பாத்ததுலயே கம்மியான நம்பர்தான் வெளிக் காத்துனு நெனச்சு, அத 400னு எடுத்துக்கிட்டு இது தானாவே கேலிபரேட் பண்ணிக்குது, அதாவது அளவ சரி பண்ணிக்குது. மௌனா லோவால ஆரம்பத்துல 315 சொச்சம், 2013ல மொத தடவ 400ஐ தொட்டுச்சு, இப்ப வருச சராசரியே 420க்கு மேல. நாம விடுறதுல பாதிக்கு கிட்ட மரமும் கடலும் இழுத்துக்குது, அதுக்கப்புறமும் இந்த ஏத்தம். பசிபிக் கடல் சூடாகுற எல் நினோ வந்து காடெல்லாம் காஞ்சு கெடக்குற வருசம் இன்னும் வேகமா ஏறும். இவங்க சாஃப்ட்வேர் 2013லயே நின்னுருச்சு!

அடுத்தது ஊட்டி. வெளில வச்சா 330 காட்டுது. ஆஹா 1970கள் காத்து இன்னும் இங்க மிச்சம் இருக்கானு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேங்க. அப்புறம்தான் புரிஞ்சுது, 2,240 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் கம்மி, சென்சார் ஏமாந்துருச்சு. ஆப்புல உயரம் போடுற செட்டிங் உள்ள எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காங்க, மேனுவல்ல ஒரு வரி கூட இல்ல.

ஆனா அந்த மலைலயே ஒழுங்கான பழைய மீட்டர் ஒண்ணு இருக்கு, சதுப்பு. அங்க மக்கிப்போன செடி அடுக்கடுக்கா கெடக்கு, அதுல உள்ள கார்பன் ஐசோடோப்ப (எடை மட்டும் வித்தியாசப்படுற கார்பன் அணுக்கள) பாத்தா புல்லா சோலை மரமானு தெரிஞ்சிரும், சுகுமார், ரமேஷ்னு ஆராய்ச்சியாளருங்க எல்லாம் சேந்து 1993ல நேச்சர்ங்குற அறிவியல் இதழ்ல எழுதுனாங்க. பனியுகம் உச்சத்துல இருந்தப்ப மழையும் கம்மி, கார்பன் டை ஆக்சைடும் உலகம் பூரா 190 வாக்குலதான், கொஞ்சத்த வச்சே பொழைக்கத் தெரிஞ்ச புல் ஜெயிச்சுருச்சு. ஒரு 11,000 வருசம் முன்னாடி பருவமழ நல்லா புடிச்சதும் மரம் பக்கம் திரும்பியிருக்கு. நடுவுல வறட்சி வந்தப்ப திரும்ப புல்லு. பேட்டரியும் இல்ல, ஆப்பும் இல்ல.

பேட்டரினதும் ஞாபகம் வந்துச்சு, இதுல ஒரு நாள் கூட முழுசா நிக்காது, சார்ஜர் வயரும் ஒரு முழந்தான். வீட்டுக்குள்ள வைக்க 4 ஸ்டார், மல ஏறப் போறவங்களுக்கு 2.